வரி கேட்ட வண்டியோட்டி

பொருளியல் படிக்கும் மாணவர் எவரும் 1931ஆம் ஆண்டைத் தாண்டாமல் பட்டம் பெற முடியாது. உலகப் பெருமந்தம், பொன் திட்டத்தின் வீழ்ச்சி, கீன்ஸ் அவர்களின் புதிய கோட்பாடு என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும் அவ்வாண்டு குறுக்கே வந்து நிற்கிறது. ஆயினும் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் இலண்டன் மாநகரில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. பிரிட்டனில் அன்று ஆட்சியிலிருந்தது தொழிற்கட்சி. அதன் நிதியமைச்சர், அரசுச் செலவைக் குறைக்கும் தம் திட்டத்திற்குத் தொழிற்சங்கத் தலைவர்களின் இசைவைக் கேட்டார். அத்திட்டத்தின் அடியில் வேலையற்றோரின் உதவித்தொகை இருந்தது. இசைய மறுத்தவர்களில் முன்னின்றவர், பதினோரு வயதில் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போன ஒரு முன்னாள் வண்டியோட்டி. ஏழையின் தொகையில் கை வைக்க வேண்டாம், இருப்பவரிடம் வரி வாங்குங்கள் என்பது அவர் கட்சி.

அவர்தாம் எர்னஸ்ட் பெவின். மந்த காலத்தில் வரியை உயர்த்துவதற்குத் தொழிற்சங்கம் துணை நிற்கலாமா என்ற வினா எழும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவே வருகிறது. அவருடைய வாழ்க்கையை முழுதும் சொல்ல இம்மலரில் இடமில்லை. ஆலன் புல்லக் என்ற வரலாற்றறிஞருக்கே மூன்று பெருந்தொகுதிகள் தேவைப்பட்டன. அந்த ஒரு வினாவைப் பற்றிக்கொண்டு என்னால் இயன்ற அளவு சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் மாவட்டத்தில் வின்ஸ்போர்டு என்பது ஒரு சிற்றூர். அங்கே 1881 மார்ச்சில் பெவின் பிறந்தார். தந்தை யாரென்று அவருக்குத் தெரியாது. வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றிய தாயும் அவருடைய எட்டாம் வயதில் இறந்துபோனார். மூத்த சகோதரி ஒருவர் தம் வீட்டில் வைத்து வளர்த்தார். பதினோரு வயதில் படிப்பு நின்றது. பண்ணை வேலைக்குப் போனார். படிக்கத் தெரியாத பண்ணைக்காரருக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டுவதும் அச்சிறுவனின் வேலைகளில் ஒன்று என்பர். நாட்டு நடப்பு அவர் காதில் விழுந்தது அப்படித்தான் போலும். பின்னர் பிரிஸ்டல் நகருக்குப் போய், உணவகத்தில் எடுபிடி, டிராம் வண்டியில் வேலை என்று அலைந்து, இறுதியில் சோடா முதலிய பானங்களைக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் குதிரை வண்டியை ஓட்டலானார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் முதியோர் வகுப்பிலும் பேசிப் பழகினார். கற்ற கல்வி இவ்வளவே.

1908ஆம் ஆண்டு பிரிஸ்டலில் வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்தது. வேலை கேட்கும் உரிமைக் குழு ஒன்று அமைந்தது. பெவின் அதன் செயலாளர். ஒரு ஞாயிறு காலையில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது, வேலையற்றோர் கூட்டமொன்றைப் பெரிய தேவாலயத்துக்குள் அமைதியாக நடத்திச் சென்றார். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை; கிழிந்த உடையோடு வரிசையாக வந்து நின்றார்கள். நகரத்துச் செல்வர்கள் அவர்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நகராட்சி ஈஸ்ட்வில் பூங்காவில் ஓர் ஏரி வெட்டும் வேலையை இவர்களுக்குக் கொடுத்தது. அந்த ஏரி இன்றும் இருக்கிறது. ஏரி வெட்டியவர்களுக்குக் கூலி நகராட்சியின் பொதுப் பணத்திலிருந்துதான் வந்திருக்கும். அப்பணமோ நகர மக்கள் கட்டிய வரி. மந்த காலத்தில் ஒருவன் கட்டும் வரி இன்னொருவன் வீட்டு அடுப்பில் எரிவதை இருபத்தேழு வயதில் பெவின் நேரில் பார்த்தார்.

1910இல் வண்டியோட்டிகளைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்த்தார். மறு ஆண்டே சங்கத்தின் முழுநேர ஊழியர். சில ஆண்டுகளில் நாடு முழுவதும் சுற்றும் அமைப்பாளர்.

அவர் பெயர் நாடறிந்தது 1920இல். துறைமுகத் தொழிலாளருக்கு நாள் ஒன்றுக்கு 16 ஷில்லிங் கூலி வேண்டும் என்ற கோரிக்கையை ஷா பிரபு தலைமையில் ஒரு விசாரணை மன்றம் ஆராய்ந்தது. முதலாளிகள் தரப்பில் பெரிய வழக்கறிஞர். தொழிலாளர் தரப்பில் சட்டம் படிக்காத பெவின். ஏறத்தாழ பதினோரு மணி நேரம் அவருடைய தொடக்க உரை நீடித்தது. ஆனால் மன்றத்தை அசைத்தது அந்த உரையன்று. முதலாளிகள் தரப்பில் பௌலி என்ற புள்ளியியல் பேராசிரியர் வந்தார் (நம் புள்ளியியல் பாடத்தில் வருகிற அதே பௌலிதான்). ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று வாழ்வதற்கு வாரத்திற்கு இத்தனை பவுன் போதும் என்று கணக்குக் காட்டினார். பெவின் அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போனார். பேராசிரியரின் கணக்கில் கிடைக்கக்கூடிய இறைச்சி, மீன், ரொட்டி ஆகியவற்றை வாங்கிச் சமைத்து, ஐந்து தட்டுகளில் பங்கிட்டு, மறுநாள் மன்றத்தில் கொண்டுவந்து வைத்தார். நாள் முழுதும் மூட்டை சுமக்கிறவனுக்கு இது போதுமா என்று பேராசிரியரையே பார்க்கச் சொன்னார். தட்டுகளில் இருந்தது பூனைக்குத்தான் காணும். மன்றம் 16 ஷில்லிங்கைப் பரிந்துரைத்தது.

புள்ளிவிவரத்தை எதிர்த்துப் புள்ளிவிவரம் பேசாமல் தட்டைக் காட்டியது வெறும் தந்திரம் என்று சிலர் கருதலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சராசரி என்ற ஒன்று எந்த வீட்டிலும் சாப்பிட உட்காருவதில்லை என்பதை நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் விளக்கியதைவிடத் தெளிவாக அவர் விளக்கிவிட்டார்.

ஆனால் அந்த வெற்றி நிலைக்கவில்லை. 1921இல் தொடங்கிய மந்தத்தில் கூலி படிப்படியாகக் குறைந்தது. 1922 ஜனவரி முதல் நாள் பதினான்கு சங்கங்களை இணைத்துப் போக்குவரத்து மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தை உருவாக்கிய பெவின், அதன் பொதுச் செயலாளர் என்ற முறையில் அந்தக் கூலிக் குறைப்புகளுக்குக் கையொப்பமிட வேண்டியவரானார். 1923இல் அவருடைய சங்கத்துத் துறைமுகத் தொழிலாளரே அவர் பேச்சைக் கேளாமல் வேலைநிறுத்தம் செய்தனர். மந்தம் வந்தால் சங்கத்தின் கை எவ்வளவு தளர்ந்துபோகும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1925இல் வின்ஸ்டன் சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது பிரிட்டன் மீண்டும் பொன் திட்டத்திற்குத் திரும்பியது. ஒரு பவுனுக்கு 4.86 டாலர் என்ற போருக்கு முந்தைய மதிப்பே மீண்டும் நிலைநாட்டப்பட்டது. நாணயத்தின் கௌரவம் காக்கப்பட்டது. ஏற்றுமதிப் பொருளின் விலை வெளிநாட்டில் ஏறிவிட்டது. நிலக்கரி விற்கவில்லை. சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைக்க முற்பட்டனர். 1926 மே மாதத்துப் பொது வேலைநிறுத்தம் அதிலிருந்து பிறந்தது. அதை நடத்திய மூளைகளில் பெவின் தலையாயவர். ஒன்பது நாட்களில் அதை முடித்துவைத்தவர்களிலும் ஒருவர். நாணய மாற்று வீதம் என்ற, நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்தச் சொல் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்குள் எப்படி நுழைகிறது என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார்.

1929 நவம்பரில் நிதியும் தொழிலும் பற்றி ஆராய மாக்மில்லன் குழு அமைக்கப்பட்டது. அதில் கீன்ஸ் ஓர் உறுப்பினர், பெவின் ஓர் உறுப்பினர். கேம்பிரிட்ஜின் மாபெரும் அறிஞரும் பிரிஸ்டலின் வண்டியோட்டியும் ஒன்றரை ஆண்டுக் காலம் ஒரே மேசையில் இருந்தார்கள். இங்கிலாந்து வங்கியின் ஆளுநர் மாண்டேகு நார்மன் சாட்சியம் சொல்ல வந்தபோது அவரைக் குடைந்தெடுத்தவர்களில் பெவினும் உண்டு. பொன் திட்டத்தைக் காப்பதற்காக வட்டி வீதத்தை உயர்த்தும்போது வேலை இழப்பவர்களைப் பற்றி வங்கி எண்ணிப் பார்த்ததா என்பதே அவருடைய கேள்விகளின் சாரம். 1931 ஜூலையில் அறிக்கை வெளிவந்தது. கீன்ஸ் உள்ளிட்ட சிலர் பொதுப்பணிகளையும் இறக்குமதித் தீர்வையையும் வேண்டிப் பின்னிணைப்பு ஒன்று எழுதினர். பெவினும் அதில் கையொப்பமிட்டார். ஆனால் கூட்டுறவு இயக்கத்தைச் சேர்ந்த ஆலன் என்பவரோடு சேர்ந்து, தீர்வையைவிடப் பவுனின் மதிப்பைக் குறைப்பதே மேல் என்று தனிக்குறிப்பும் எழுதிவைத்தார். கீன்ஸே அன்று அவ்வளவு தூரம் போகவில்லை! இதைப் படித்தபோது எனக்கு வியப்பு அடங்க நெடுநேரமாயிற்று.

இனி அந்த ஆகஸ்டு மாதத்திற்கு வருவோம்.

1931 மே மாதம் ஆஸ்திரியாவின் பெரிய வங்கி நொடித்தது. ஜூலையில் ஜெர்மனி தள்ளாடியது. பணம் போட்டிருந்தவர்கள் இலண்டனிலிருந்தும் பொன்னை எடுக்கத் தொடங்கினர். பிரிட்டனில் வேலையற்றோர் ஏறத்தாழ 27 இலட்சம் பேர். இந்நேரம் பார்த்து, ஜூலை 31ஆம் நாள், அரசு செலவுகளை ஆராய்ந்த மே குழுவின் அறிக்கை வெளிவந்தது. (மே என்பது மாதமன்று, தலைவரின் பெயர். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகித்தவர்.) வரவு செலவுத் திட்டத்தில் 12 கோடி பவுன் பற்றாக்குறை வரும் என்றது அறிக்கை. அதில் 9 கோடியே 65 இலட்சத்தைச் செலவுக் குறைப்பாலும், ஏறத்தாழ 2 கோடியே 40 இலட்சத்தை வரியாலும் ஈடுகட்டச் சொன்னது. செலவுக் குறைப்பில் 6 கோடியே 65 இலட்சம் வேலையற்றோர் காப்பீட்டுத் தலையில் விழுந்தது. உதவித்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு வெட்ட வேண்டும். ஆசிரியர் சம்பளத்திலும் ஐந்தில் ஒரு பங்கு! (எம் ஆசிரியப் பெருமக்கள் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பார்கள் என நம்புகிறேன்.)

அந்த 12 கோடியில் 5 கோடி பவுன் பழைய கடனை அடைப்பதற்காக ஒதுக்கும் கடன் தீர்ப்பு நிதி. வீடு பற்றி எரியும்போது, பத்தாண்டுத் தவணைக் கடனை இந்த மாதமே முந்திக் கட்ட வேண்டும் என்று அடம்பிடிப்பது போன்றது இது. குழுவில் இருந்த ஏழு பேரில் தொழிலாளர் தரப்பினர் இருவர் மட்டுமே சிறுபான்மை அறிக்கை எழுதி இதை எதிர்த்தனர்.

தலைமையமைச்சர் இராம்சே மக்டொனால்டு. நிதியமைச்சர் பிலிப் ஸ்னோடன். இருவரும் ஏழைக் குடும்பங்களில் பிறந்து சோஷலிசம் பேசி வளர்ந்தவர்கள். ஸ்னோடன் நாணயமானவர், அதில் ஐயமில்லை. ஆனால் வரவுக்குள் செலவு, பொன்னோடு கட்டிய நாணயம், தீர்வையில்லா வாணிபம் இம்மூன்றும் அவருக்கு வேதம். வேலையற்றோரையும் காக்க வேண்டும், பொன் திட்டத்தையும் விடக் கூடாது என்ற அந்த அரசின் நிலையைக் கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

20ஆம் நாள் பிற்பகல், தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழுவை அழைத்து ஸ்னோடன் தம் திட்டத்தை விளக்கினார். அன்றிரவு பெவினும் காங்கிரசின் பொதுச் செயலாளர் வால்ட்டர் சிட்ரினும் வேறு சிலரும் அமைச்சரவைக் குழுவிடம் திரும்பி வந்து பதில் சொன்னார்கள். உதவித்தொகைக் குறைப்புக்கு இசைய முடியாது. ஆசிரியர் முதலியோரின் சம்பளக் குறைப்புக்கும் இசைய முடியாது. சரி, பணத்துக்கு என்ன வழி? கடன் தீர்ப்பு நிதியை நிறுத்திவையுங்கள். நிலையான வட்டி பெறும் கடன் பத்திரக்காரர்கள் மீது வரி போடுங்கள். வேலையற்றோர் காப்பீட்டுச் சந்தாவை எடுத்துவிட்டு, வருமானத்திற்கேற்ப ஏறும் பொது வரியொன்றை எல்லார் மீதும் விதியுங்கள். இறக்குமதித் தீர்வையைப் பற்றிச் செப்டம்பரில் கூடும் காங்கிரஸ் மாநாடுதான் முடிவு செய்ய வேண்டும்.

இவற்றுள் இரண்டு கருத்துகளைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம் வினாவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, காப்பீட்டுச் சந்தா. காப்பீடு என்ற பெயர் இருந்தாலும் அதுவும் ஒரு வரியே. அதிலும் மோசமான வரி. வாரம் 2 பவுன் வாங்குகிறவனும் 4 பவுன் வாங்குகிறவனும் ஒரே பென்னிக் கணக்கைக் கட்ட வேண்டும். முதலாளியும் ஆளொன்றுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். ஆகவே, ஒருவரை வேலைக்கு வைத்தால் வரி, நீக்கினால் வரி இல்லை! இலட்சக்கணக்கானோர் வேலையின்றி நிற்கும் நேரத்தில் வேலை கொடுப்பதற்கு வரி போடுவதைவிடத் தலைகீழான செயல் வேறு உண்டா? நிலம், வட்டி, பங்கு ஆகியவற்றால் வாழ்பவர் அதில் ஒரு பென்னியும் கட்டுவதில்லை. சங்கங்கள் கேட்ட ஏறுவரி இவர்களையும் உள்ளே கொண்டுவரும். தங்கள் உறுப்பினர்களையும் அது விட்டுவைக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். நிலையான வேலையில் இருக்கும் எழுத்தர், இரயில்வே ஊழியர் முதலியோர் அதுவரை சந்தா கட்டாதிருந்தாலும் இனி வரி கட்ட வேண்டியிருக்கும். பிறர் தலையில் மட்டும் சுமையை ஏற்றும் கோரிக்கையாக இருந்திருந்தால் நான் பெவினைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இரண்டாவது, கடன் பத்திரக்காரர். உதவித்தொகையைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் சொன்ன வலிமையான காரணம், விலைவாசி இறங்கிவிட்டது என்பது. உண்மைதான். விலை இறங்கினால் அதே தொகைக்கு அதிகப் பொருள் வாங்கலாம். ஆகவே தொகையைக் குறைத்தாலும் வேலையற்றவனுக்கு இழப்பில்லை என்று வாதிட்டார்கள். இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். 1920க்கும் 1931க்கும் இடையே வாழ்க்கைச் செலவுக் குறியீடு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வீழ்ந்திருந்தது. போர்க்காலத்தில் அரசுக்குக் கடன் கொடுத்து நூற்றுக்கு 5 வட்டி வாங்குகிறவரும் அதே விலைவாசியில்தானே வாழ்கிறார்? அவருடைய வட்டியும் அதே அளவு கனத்துவிட்டதே? அரசின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு கடனுக்கான வட்டிக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. வேலையற்றவனின் 17 ஷில்லிங்குக்குப் பொருந்தும் நியாயம் வட்டிக்காரரின் 5 பவுனுக்கு ஏன் பொருந்தாது? இந்தக் கேள்விக்கு ஸ்னோடன் நேரான விடை தரவில்லை. அது ஒப்பந்தம், அதை மீறினால் நாட்டின் நாணயம் கெடும் என்ற எண்ணம்தான் எதிரே நின்றது. உதவித்தொகையும் சட்டம் தந்த வாக்குறுதிதான் என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, மறைப்பது முறையன்று. மந்த காலத்தில் வரியை உயர்த்தினால் முதலீடு செய்பவர் பின்வாங்குவார். பணம் நாட்டை விட்டு ஓடும். அன்று ஓடிக்கொண்டும் இருந்தது. பெவின் கேட்ட வரிகளால் மட்டும் அந்த ஓட்டத்தை நிறுத்தியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நியூயார்க்கு வங்கியாளர்கள் கடன் கொடுப்பதற்கு எதிர்பார்த்தது செலவுக் குறைப்பை; அதிலும் உதவித்தொகையில் ஒரு வெட்டை. சங்கங்களின் திட்டம் உடனடி நெருக்கடிக்கு விடையாகாது என்று மக்டொனால்டு கருதியதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் அந்த நெருக்கடிக்கு உண்மையான விடை வரியும் அன்று, வெட்டும் அன்று. பொன் திட்டத்தை விடுவது. அதைத்தான் பெவின் ஒரு மாதத்திற்கு முன்பே அச்சில் எழுதிவைத்திருந்தார். தொழிற்கட்சி அமைச்சர்கள் எவரும் அந்தக் குறிப்பைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

23ஆம் நாள் இரவு, உதவித்தொகையில் பத்தில் ஒரு பங்கு வெட்டுவது பற்றி அமைச்சரவை வாக்கெடுத்தது. ஆதரவு 11, எதிர்ப்பு 9. அந்த வெட்டால் மிச்சமாகக்கூடிய தொகை ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 20 இலட்சம் பவுன். அதற்காக ஓர் அரசு கவிழ்ந்தது. மறுநாள் மக்டொனால்டு எதிர்க்கட்சிகளோடு கைகோத்துத் தேசிய அரசு அமைத்தார். தம் சங்கத்தின் ஆதரவில் வளர்ந்த கட்சியின் ஆட்சி போய்விடும் என்று தெரிந்தே பெவின் மறுத்திருந்தார். அது சரியா? நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். ஆட்சி போனால் வருவது இதைவிடக் கொடிய ஆட்சி என்று சொல்லி இணங்கியிருக்கலாம். பல நாடுகளில் பல சங்கங்கள் அப்படி இணங்கியிருக்கின்றன. ஆனால் உறுப்பினரின் பிழைப்பைக் காப்பதற்காகக் கூடிய சங்கம், தன் கட்சியின் நாற்காலியைக் காப்பதற்காக அந்தப் பிழைப்பை விட்டுக்கொடுத்தால், பிறகு அச்சங்கத்துக்கு யார் சந்தா கட்டுவார்?

செப்டம்பர் 10ஆம் நாள் புதிய அரசின் நிதியமைச்சராக அதே ஸ்னோடன் வரவு செலவுத் திட்டம் கொண்டுவந்தார். வரி ஏற வில்லையா? ஏறியது! வருமான வரி பவுனுக்கு 4 ஷில்லிங் 6 பென்னியிலிருந்து 5 ஷில்லிங் ஆயிற்று. பீருக்கும் புகையிலைக்கும் பெட்ரோலுக்கும் தீர்வை கூடியது. தொழிலாளியின் காப்பீட்டுச் சந்தா 7 பென்னியிலிருந்து 10 பென்னியானது. கூடவே வேலையற்றவனின் 17 ஷில்லிங் 15 ஷில்லிங் 3 பென்னியாகக் குறைந்தது. ஆக, அன்று இரு தரப்பாரும் வரி உயர்வையே ஆதரித்தனர். யாருடைய வரி, எதற்காக என்பதில்தான் சண்டை. தொழிலாளியின் கோப்பையிலும் சுருட்டிலும் வாங்கிய வரி கடைத்தெருவின் விற்பனையை இன்னும் குறைத்திருக்கும். மிச்சமாகும் வருவாயை வங்கியில் போட்டுவைக்கும் ஒருவரிடம் வாங்கி, வாரக் கடைசிக்குள் செலவழித்துவிடும் ஒருவனிடம் கொடுத்த வரி விற்பனையைக் காத்திருக்கும். வாங்கும் சக்தி என்று பின்னால் கீன்ஸ் அவர்களின் கோட்பாட்டில் நாம் படிப்பதை பெவின் தம் ஐந்து தட்டுகளிலேயே பார்த்துவிட்டார் போலும்.

இவ்வளவு செய்தும் பொன் திட்டம் பிழைக்கவில்லை. சம்பள வெட்டை எதிர்த்து இன்வர்கார்டனில் கடற்படையினர் பணி மறுத்த சில நாட்களில், செப்டம்பர் 21ஆம் நாள், பிரிட்டன் அதைக் கைவிட்டது. வானம் இடிந்து விழவில்லை. இப்படியும் ஒரு வழி இருந்ததை எவரும் தமக்குச் சொல்லவில்லையே என்று முன்னாள் அமைச்சர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டாராம்.

அக்டோபர் 27 தேர்தலில் பெவின் கேட்ஸ்ஹெட் தொகுதியில் நின்று 12,000 வாக்குகளுக்கு மேல் வேறுபாட்டில் தோற்றார். தொழிற்கட்சி ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்குச் சுருங்கியது.

ஆனால் 1932இல் நடந்த ஒன்று அந்தத் தோல்விக்குப் பின்னால் மறைந்துவிட்டது. புதிய நிதியமைச்சர் நெவில் சேம்பர்லேன், 200 கோடி பவுன் பெறுமான 5 விழுக்காட்டுப் போர்க்கடன் பத்திரங்களை மூன்றரை விழுக்காட்டுக்கு மாற்றிக்கொள்ளுமாறு பத்திரக்காரர்களின் நாட்டுப்பற்றுக்கு வேண்டுகோள் விடுத்தார். பெரும்பாலோர் மாற்றிக்கொண்டனர். வட்டியில் மட்டும் ஆண்டுக்கு 3 கோடி பவுன் குறைந்தது. உதவித்தொகை வெட்டில் மிச்சமானதைப்போல் இரு மடங்குக்கு மேல்! வட்டிக்காரரைத் தொட்டால் நாடே கவிழும் என்று பத்து மாதங்களுக்கு முன் சொன்னவர்களின் கூட்டாளிகளே அதைத் தொட்டார்கள். வேலையற்றோரின் வெட்டு நீங்க 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியின் அலை நம் கரையையும் அடித்தது. அதே 1931 செப்டம்பர் இறுதியில், இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷூஸ்டர் ஓர் அவசர வரவு செலவுத் திட்டம் கொண்டுவந்தார். உப்பு வரி உட்பட வரிகள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரி. அரசு ஊழியர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது! சட்டசபை மறுத்தும் வைசிராய் தம் தனியதிகாரத்தால் அதை நிறைவேற்றினார். ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்னி என்று பவுனோடு கட்டுண்டே இருந்ததால், விளைபொருள் விலை வீழ்ந்து கடன்பட்ட குடியானவர்கள் நகைகளை விற்க, அந்தப் பொன் கப்பலேறி இலண்டன் சென்றது. மந்த காலத்தில் எத்தகைய வரியைத் தொழிலாளரும் உழவரும் எதிர்க்க வேண்டும் என்பதற்கு உப்பின் மீதான இந்தக் கூடுதல் வரியைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. இலண்டனில் கேட்ட வரிக்கும் டெல்லியில் போட்ட வரிக்கும் பெயர் மட்டுமே ஒன்று.

பெவினின் பிற்காலப் பெருமைகளை எல்லாரும் அறிவர், விரைந்து சொல்கிறேன். 1940 மே மாதம் சர்ச்சில் அவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக்கினார். நாடாளுமன்ற உறுப்பினரானது அதற்குப் பிறகுதான். போர் முடிந்தபின் 1945 முதல் வெளியுறவு அமைச்சர். மார்ஷல் திட்டத்திலும் நேட்டோ உடன்பாட்டிலும் அவர் கை பெரியது. போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து இளைஞர்களை வரவழைத்துத் தொழிற்பயிற்சி தரும் திட்டம் ஒன்று 1941இல் அவர் பெயரால் நடந்தது; பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களைப் பெவின் பயிற்சியாளர்கள் என்றே அழைத்தனர்.

நம் வினாவுக்குத் தொடர்புள்ளது 1941ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம். வருமான வரி பவுனுக்கு 10 ஷில்லிங் ஆயிற்று. அதாவது பாதிக்குப் பாதி. விலக்கு வரம்பு குறைக்கப்பட்டதால், அதுவரை வருமான வரியே அறியாத இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் முதன்முதலாக வரி கட்டினார்கள். 1931இல் 1 ஷில்லிங் 9 பென்னி வெட்டுக்கு அரசையே எதிர்த்த அதே பெவின், இந்த வரியைப் போட்ட அரசின் முதன்மையான அமைச்சர்களில் ஒருவர். முரண்பாடு என்பார் உண்டு. அன்று பொருள் குவிந்து கிடந்தது, வாங்க ஆளில்லை. போரில் கையில் காசு இருந்தது, வாங்கப் பொருளில்லை. அன்று தொழிலாளியின் கையிலிருந்து எடுத்த ஒவ்வொரு பென்னியும் இன்னொரு தொழிலாளியின் வேலையைப் பறித்தது. இப்போது எடுத்தது விலையேற்றத்தைத் தடுத்தது. அதோடு, முதலாளிகளின் மிகைலாபத்தின் மீது 1940இலேயே நூற்றுக்கு நூறு வரி விதிக்கப்பட்டிருந்தது. உணவு விலை ஏறாதிருக்க அரசு மானியம் கொடுத்தது. கூடுதல் வரியில் ஒரு பகுதி போருக்குப் பின் திருப்பித் தரப்படும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். (அது முழுதும் திரும்பி வர 1970களாயிற்று என்பது வேறு கதை.) சட்டம் போட்டுக் கூலியை உறையவைப்பதற்கு மட்டும் பெவின் கடைசிவரை இணங்கவில்லை.

அவர் உருவாக்கிய சங்கம் 2007இல் வேறொரு சங்கத்தோடு இணைந்து யுனைட் என்ற பெயர் பெற்றது. 1951 மார்ச்சில் உடல்நலம் குன்றி வெளியுறவுப் பொறுப்பை விட்ட பெவின், ஏப்ரல் 14ஆம் நாள் காலமானார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன், அவர் இன்னும் உறுப்பினராக இருந்த தொழிற்கட்சி அமைச்சரவையின் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கல், வருமான வரியைப் பவுனுக்கு 9 ஷில்லிங்கிலிருந்து 9 ஷில்லிங் 6 பென்னியாக உயர்த்தியிருந்தார்.